காலி நாற்காலி

"மான்சிக் அண்ணே, எழுந்து கக்கூஸுக்குப் போங்க!" என்றான் பேஸ்பால் அரங்கில் பக்கத்து இருக்கை தேஹோ.

"எனக்கு வரலேடா!"

"வராட்டி என்ன? ரெண்டு தடவை போனீங்க, ரெண்டு தடவையும் நம்மாளுங்க ரன் எடுத்தாங்க. இது இறுதிப் போட்டி, கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம். இன்னும் ஒரே ஒரு ரன்! போங்கண்ணே!"

பின்வரிசையே சேர்ந்து கத்தியது. மான்சிக் எழுந்தார். கீழே அணியின் முதலாளிக்கென்று போட்டிருந்த நாற்காலி வழக்கம்போலக் காலி. அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே போனார்.

கழிப்பறையில் ஒரு கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "தம்பி, வெளியில என்ன நிலவரம்?"

"ரெண்டு பேர் அவுட். மூணு பேஸிலயும் நம்மாளுங்க நிக்கறாங்க. உங்களையும் துரத்திட்டாங்களா?"

"நானே வந்துட்டேன். நான் பார்த்தா தோத்துடுவாங்க."

"நீங்கதான்யா ரசிகர்! குன்சான் ஊரே உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்குது, நம்ம முதலாளி இன்னிக்குக்கூட வரலே. அணி மேல அக்கறை இருந்தாத்தானே?"

வெளியே ரசிகர்களின் மேளம் சட்டென்று நின்றது. மான்சிக் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

'டக்'கென்று மட்டையின் சத்தம். அடுத்த நொடி அரங்கமே அதிர, குன்சான் அணியின் வெற்றிப் பாட்டு எழுந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்த கிழவர், மான்சிக்கைக் கட்டிக்கொண்டு அழுதார். மைதானத்துப் பெரிய திரையில் விளம்பரத்துக்கு விளம்பரம் வருகிற முகம்.

"முத... முதலாளி!"

"யார்கிட்டயும் சொல்லிடாதே, தம்பி. அடுத்த வருஷமும் நான் இங்கேதான் உட்காரணும்."