தெரிந்தவர் யாருமில்லை

மெல்பேர்ன் சிறைக்கு அன்று புதிதாகக் கொண்டுவரப்பட்ட ஆண்களின் வரிசையில் இந்திரகுமார் அண்ணை நின்றார். கண்டதும் அதிகாரி மகாதேவனுக்குப் பகீர் என்றது.

நோபல் பார்க் புறநகரில், அண்ணை வீட்டில் எத்தனை தரம் கைநனைத்திருப்பார்! கோயிலில் அன்னதானமென்றால் அகப்பையோடு முதல் ஆளாய் நிற்கிற மனிதர். கம்பனிக் கணக்கில் கைவைத்தாராம் என்றது கைதிகளின் பட்டியல்.

'சீ, இந்த ஆளோடயா பழகினனான்!' மகாதேவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

யாரை எந்தப் பிரிவில் வைப்பது என்று முடிவெடுக்க, புதிதாய் வருகிறவர்களிடம் வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். வெள்ளைக்கார அதிகாரி கேட்டாள்:

"இங்கே வேலை செய்பவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணை நிமிர்ந்தார். மகாதேவனைப் பார்த்தார்.

"ஒருத்தரையும் தெரியாது."

சிறை விதிப்படி, கைதியைத் தெரியும் என்று சொல்லவேண்டிய கடமை மகாதேவனுக்கும் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கோபம் மட்டும் பொத்துக்கொண்டு வந்தது. களவெடுத்தவருக்குத் தன்னைத் தெரியாதாமே!

தேநீர் இடைவேளையில் காருக்குப் போய் மனைவிக்கு போன் எடுத்தார்.

"நாகேஸ்வரி, எங்கட இந்திரகுமார் அண்ணை இஞ்ச மறியலுக்கு வந்திருக்கிறார்!"

"மெய்யேப்பா? ஐயோ, பத்மாக்கா பாவம்!"

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. என்ர வேலை போயிடும்."

"எனக்கென்ன விசர் பிடிச்சிருக்கே, ஊருக்குச் சொல்ல?"

சொல்லி முடித்ததும் அவருக்கு மனம் கொஞ்சம் ஆறியது.

பின்னேரம் அண்ணையை அறைக்குக் கூட்டிப்போகும் வேலை அவருக்கே வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணை மெல்லப் பேசினார்.

"குறை நினையாதையும் தம்பி. உம்மைத் தெரியும் எண்டால், இஞ்ச எல்லாரும் உம்மை ஒருமாதிரிப் பார்ப்பினம். அதுதான் அப்பிடிச் சொன்னனான்."

மகாதேவனுக்கு முகம் செத்துப்போனது.

"பத்மாவுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. வேலையா சிட்னிக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் கோர்ட்டுக்கு வந்தனான். மறியல் வராது எண்டு நம்பியிருந்தன். இப்ப வீட்டுக்கு ஒரு போன் கோல் எடுக்க விடுவினமாம். என்ர வாயாலதான் அவ இதைக் கேக்கவேணும்."

"ஓம் அண்ணை." வெட்கம் உடம்பெல்லாம் ஊர்ந்தது. நாகேஸ்வரி வாயைத் திறந்திருக்கக்கூடாதே என்று எல்லாக் கடவுள்களையும் கும்பிட்டார்.

அண்ணை நடைவழிச் சுவரிலிருந்த போனில் வீட்டு இலக்கத்தை அழுத்தினார்.

"பத்மா..."

அந்தப் பக்கத்து அழுகை மகாதேவனுக்கும் கேட்டது.

போனை வைத்துவிட்டு அண்ணை கண்ணைத் துடைத்தார்.

"ஆரோ முந்திப்போட்டினம் தம்பி. வீட்டில சனம் வந்து நிக்குதாம்."

மகாதேவன் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"நீர் ஏன் தலையைக் குனியிறீர்? கோர்ட்டில ஆராவது கண்டிருப்பினம். உம்மில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."