சட்டப்படி நின்ற கார்

வேம்பு கார் திருடன்தான்; ஆனாலும் சாலை விதிகளிடம் அவனுக்கு இருந்த பக்தி ராயபுரம் முதல் எண்ணூர் வரை வேறு எவருக்கும் இருந்ததில்லை.

அந்தப் பக்திக்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ராயபுரத்தில் ஒரு காரைக் கிளப்பிக்கொண்டு போனவன், வெயிலுக்கு இதமாக இருக்கிறதே என்று வளைவில் ஒரு புங்கமர நிழலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான். வளைவில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்க வந்த போலீஸ்காரர், விசாரித்துக்கொண்டே போய் முழுத் திருட்டையும் வெளியே இழுத்துவிட்டார். திருட்டுக்காகப் பிடிபட்டிருந்தால் வேம்பு தாங்கிக்கொண்டிருப்பான். வளைவுக்காகப் பிடிபட்டதுதான் அவன் மனத்தை அறுத்தது.

இரண்டு ஆண்டுச் சிறைவாசத்தை அவன் வீணாக்கவில்லை. வண்டியை எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது என்பதையெல்லாம், உடனிருந்த பழைய லாரி டிரைவரிடம் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துகொண்டான். முயல் மாதிரி துள்ளி ஓடுகிறவனைத்தான் உலகம் துரத்தும், ஆமை மாதிரி ஒழுங்காகப் போகிறவனை யார் மறித்துக் கேட்கப் போகிறார்கள் என்பது அவன் கொள்கையாயிற்று.

இன்று அவன் ஓட்டி வந்தது தண்டையார்பேட்டை மிளகாய் மண்டி முதலாளி ராமசுப்புவின் கறுப்புக் கார். மண்டி வாசலில் அது நின்ற கோலத்தைக் கண்டபோதே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. மூக்கு சந்துக்குள், வால் நடுரோட்டில், கைபிரேக் போடவில்லை, சாவி அதன் துவாரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட மனிதருக்குக் கார் எதற்கு என்று அலுத்துக்கொண்டேதான் ஏறி உட்கார்ந்தான். ஐந்து மணிக்குள் எண்ணூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டால், நாளைக்கு அது பச்சைக் கார். வழியில் மாட்டிக்கொண்டாலோ, இரண்டாம் முறை என்பதால், ஐந்து ஆண்டு உள்ளே.

காலடிப்பேட்டை வந்ததும் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. எதிரே தெருக்குழாய் தெரிந்தது. குழாய்க்குப் பக்கத்தில் போலீஸ்காரர் சுப்பராயனும் தெரிந்தார்.

வேம்பு பதறவில்லை. வேகத்தைக் குறைக்கிறேன் என்று வலக்கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசைத்தான்; பிறகு நிறுத்தப் போகிறேன் என்று நிமிர்த்திக் காட்டினான். குழாயையும் பஸ் நிற்குமிடத்தையும் தெருமுனையையும் தாண்டிப் போய், இடது ஓரத்தில் நூல் பிடித்தாற்போல் நிறுத்தினான். கைபிரேக்கை இழுத்தான். முன்னே இருந்த வாய்க்கால் மதகை நோக்கிச் சாலை சற்றே சரிந்திருந்ததால், முன்சக்கரங்களை ஓரத்துப் பக்கம் திருப்பி வைத்தான். சாவியை உருவிக்கொண்டு, பின்னால் ஏதும் வருகிறதா என்று பார்த்த பிறகே கதவைத் திறந்தான்.

குழாயடியில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த கெங்கம்மா கேட்டாள்.

“இன்னா நைனா, அம்மாந்தூரத்துல வண்டிய வுட்டுட்டு நடந்து வர்றே?”

“கொயாவை மறிச்சு நிறுத்தக் கூடாதுக்கா. சட்டம்.”

கெங்கம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். பிறகு சுப்பராயனைப் பார்த்தாள்.

வேம்பு அவளிடம் வாங்கிய குடத்தோடு திரும்பியபோது, சுப்பராயன் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். தெருமுனைக்கும் காருக்கும் நடுவே காலடி வைத்து அளந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். எதிரே குறுக்காக நின்ற கட்டை வண்டிக்காரனைக் கூப்பிட்டார்.

“டேய் நீலமேகம், இங்க வா. கண்ணை நல்லாத் தொறந்து பாரு. வண்டின்னா இப்டி நிக்கணும்.”

“நம்ம மாடு அவ்ளோ படிச்சது இல்லீங்க,” என்றான் நீலமேகம்.

“மாட்டை ஏன் இழுக்கறே? நீ பாரு.” சுப்பராயன் வேம்புவின் பக்கம் திரும்பினார். “புது டிரைவரா?”

“ஆமாங்க ஐயா.”

“முனையிலேர்ந்து ஏன் இவ்ளோ தள்ளி நிறுத்தினே?”

“திரும்பற வண்டிக்குக் கண்ணை மறைக்குங்க.”

“சக்கரத்தை ஏன் ஒடிச்சு வெச்சுகீறே?”

“பிரேக்கு வுட்டுப்போனாலும் ஓரத்துல முட்டி நின்னுக்கும். ரோட்டுக்கு ஓடாது.”

“சபாஷ். எறங்கும்போது சாவி?”

பரீட்சையில் கடைசிக் கேள்விக்கும் விடை தெரிந்த மாணவனைப் போல, வேம்பு சாவியை உயர்த்திக் காட்டினான். சுப்பராயன் அதை வாங்கினார்; இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்; சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

வேம்பு சிரித்தபடி கையை நீட்டினான். “நேரமாச்சுங்க ஐயா. முதலாளி திட்டுவாரு.”

“யாரு, ராமசுப்பு முதலாளிதானே?” சுப்பராயன் அவன் நீட்டிய கையை அன்போடு, ஆனால் அழுத்தமாகப் பற்றிக்கொண்டார். “ஸ்டேஷனுக்கு வரச் சொல்லலாம். அங்க உக்காந்து ஆற அமரத் திட்டட்டும்.”

ஐந்து ஆண்டுகள் வேம்புவின் கண்ணெதிரே வரிசையாக வந்து நின்றன. அதைவிட, படித்த படிப்பெல்லாம் வீணாயிற்றே என்ற துயரம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

“இன்னா தப்பா நிறுத்தினேன், ஐயா? அத மட்டும் சொல்லிடுங்க.”

“தப்பே இல்ல, தம்பி,” என்றார் சுப்பராயன். “நாலு வருசமா இந்தக் காரு இங்க வந்துதான் கொதிக்குது, கொயாவை மறிக்காம நின்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்.”