பார்த்தேன், சரி

புரோகிராமின் அறுபத்திரண்டாவது வரியில் பரணியின் கண் நின்றது.

அதை எழுதிய ரோஸ்லின் ஒன்றை மறந்திருந்தாள்.

மெஷினை ஓட்டப் பட்டறைக்காரர்கள் எழுதும் ஸ்கிரிப்ட் எவ்வளவு நேரம் ஓடலாம் என்று அவள் எல்லை வைக்கவில்லை. யாராவது நிறுத்தத் தெரியாமல் எழுதிவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அது முடியட்டும் என்று சர்வரும் காத்துக்கொண்டே இருக்கும். வேறு எந்த மெஷினுக்கும் பதில் சொல்லாது.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சே, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டான். சந்தோஷம் போகவில்லை.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்டிக்குள் ஓடும் அந்தச் சர்வரை ஒன்றரை வருடம் உட்கார்ந்து எழுதியவன் அவன். அதை வாங்கிய சாயப்பட்டறையின் நாற்பது மெஷின்களும் அதனோடுதான் பேசுகின்றன. அது ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. படுக்காத சர்வரைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

அவள் வேலைக்கு வந்து இரண்டே மாதம். 'சூடு தொண்ணூறைத் தாண்டினால் நிறுத்து' என்பது மாதிரி பட்டறைக்காரர்களே நாலு வரி எழுதி மெஷினை ஓட்டலாம் என்று ஒரு வசதியைச் சேர்த்தாள். அவ்வளவுதான், ஆபீஸே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

"பொண்ணு பின்னி எடுக்குது" என்றார் முதலாளி சதாசிவம். போதாக்குறைக்கு அவன் தோளில் தட்டி, "நீயும் அதுகிட்ட கொஞ்சம் கத்துக்கப்பா" என்றார்.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வயிற்றெரிச்சலுக்கு வேறு கௌரவமான பெயர் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தான். இல்லை. பொறாமைதான்.

அந்த ஆபீஸில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்து, அடியில் ஒப்புதல் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் அது சர்வருக்குள் போகும். ரோஸ்லின் எழுதியதைப் படிப்பவன் அவன்.

எழுதினான்: பார்த்தேன், சரி.

வியாழக்கிழமை மதியம் அந்தச் சாயப்பட்டறைக்காரர் ஆபீஸுக்கு வந்தார். அவருடைய மற்ற மூன்று பட்டறைகளுக்கும் இதையே வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். காட்டுவதற்காக மேசைமேல் வைத்த ஆறு சின்ன மாதிரி மெஷின்கள் சர்வரோடு இணைந்து வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

"நகருங்க, நானே எழுதிப் பாக்கறனுங்" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

ஆர்வமாக நாலு வரி அடித்தார். எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

மெஷின்களின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆறும் நின்றுவிட்டன.

சதாசிவம் ரோஸ்லின் பக்கம் திரும்பினார். "என்னம்மா, நீ எழுதினதுலதான் கோளாறா?"

இதற்காகத்தானே மூன்று நாளாகக் காத்திருந்தான்.

அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் தயங்காமல் சொன்னாள்.

"இருக்காதுங் சார். பரணி அண்ணன் படிச்சுட்டாருங். அவரு கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பாது. அவர்கிட்ட நான் கத்துக்கிட்டதே அதுதானுங்."

முதலாளிக்கு முன்னால், வெளியாள் முன்னால், யாராவது ஒரு தடவை சொல்ல மாட்டார்களா என்று அவன் ஏங்கிக் கிடந்த வார்த்தை.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

அவளும் பார்த்தாள், இதோ அண்ணன் சொல்லிவிடுவார் என்கிற தைரியத்தோடு.

அவன் அணைந்துகிடந்த விளக்குகள் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

அவள் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தைரியம் மெதுவாக அவள் கண்ணைவிட்டுப் போனது.