ஒன்பது பத்துக்கு நல்ல நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே தியாகலிங்கம் குளித்து, திருநீறு பூசி, மகள் துர்க்காவின் லப்ரொப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல நேரம் ஒன்பது பத்துக்கு. தமிழ்க்கடையில் கொடுத்த கலண்டரை இரண்டு தரம் பார்த்தாயிற்று. ரொறன்ரோ நேரத்துக்குக் கணித்ததுதான், ஊர்க் கணக்கில்லை.

மனைவி சந்திரவதனா லப்ரொப்பின் மூடியில் சந்தனப் பொட்டு வைத்தாள். துர்க்கா தடுக்கவில்லை. வேறு நாளென்றால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

விசயம் இதுதான். கோடையிலும் மாலை வகுப்பிலும் படித்து, பள்ளிக்கூடப் பாடங்களைத் துர்க்கா முன்கூட்டியே, டிசம்பரோடு முடிக்கிறாள். ஜூன் வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை. ஜனவரியிலேயே கொலிஜில் நர்சிங் தொடங்க இடம் கிடைத்திருந்தது. சம்மதம் சொல்ல நாளையோடு கெடு முடிகிறது.

தியாகலிங்கம் யூனிவர்சிற்றிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். கொலிஜ் அதற்கு ஒரு படி கீழே என்பது அவர் எண்ணம். அண்ணன் வீட்டில் மூன்று பிள்ளைகளும் யூனிவர்சிற்றி. தன்னுடையது மட்டும் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுக் கொலிஜுக்குப் போகிறது என்று கலியாண வீடுகளில் எந்த முகத்தோடு சொல்வது? தான் முடிவு சொல்லும்வரை பதில் அனுப்பக் கூடாது என்றார். முடிவு மட்டும் வரவேயில்லை.

கெடு முடியும்வரை அப்பா இப்படியே இழுத்தடிப்பார் என்று துர்க்கா பயந்தாள். செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும், பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தபடி, சம்மதம் என்று தானே அழுத்தி அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாலு நாளாக அப்பா அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய பிடிவாதம்தான் என்று நினைத்தாள். நேற்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே திடீரென்று சரி என்றார். நல்ல நேரம் பார்த்துத் தன் கையால்தான் அழுத்துவேன் என்றும் சொன்னார்.

அவள்தான் ஏற்கனவே அனுப்பிவிட்டாளே. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்பாவை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை என்றாகிவிடும். அந்த நினைப்பே சுட்டது.

ஆகவே கொலிஜின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒரு பச்சைப் பொத்தான் மட்டும் தெரியும்படி பெரிதாக்கி வைத்திருந்தாள். அழுத்தினால் முகப்புக்குத் திரும்பும். அவ்வளவுதான்.

ஒன்பது பத்து.

தியாகலிங்கம் கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைத்து, சுட்டுவிரலால் ஒரே ஒரு தரம் அழுத்தினார். திரை மாறியது. யாரோ நாலு மாணவர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள்.

சந்திரவதனா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கற்கண்டு எடுக்கக் குசினிக்குப் போனாள்.

துர்க்கா மூச்சு விட்டாள். தப்பியது நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

தியாகலிங்கம் திரையைப் பார்க்கவேயில்லை. கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தவர், குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"கொலிஜ்காரர் எனக்கும் மெயில் போட்டவை, பிள்ளை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீ அமத்தேக்கை ராகுகாலம். அதுதான் இண்டைக்கு நான் ஒருக்கா அமத்தினனான்."