கடைசிக் கவளம்

திரோல் மலைச்சரிவில் பொழுது மெல்ல விடிகிறது. பனிச்சரிவில் புதைந்து உடலும் கிடைக்காமல் போன அண்ணனின் பழைய துப்பாக்கி இன்று வின்சென்ஸின் தோளில் இருக்கிறது. அதன் ஒரு குழலில் தோட்டா, மறு குழலில் பொடி ரவை. "கோழி கிட்டத்துலதான் நிக்குது, ரவையப் போடுங்க கொழுந்தனாரே," என்று கிசுகிசுக்கிறாள் அண்ணி வால்புர்கா. வெடிச்சத்தம் பள்ளத்தாக்கில் உருண்டு அடங்க, காட்டுக்கோழி வெண்பனியில் கருப்பாய்ச் சரிகிறது. வேட்டைக்காரர் வழக்கப்படி, செத்ததன் அலகில் கடைசிக் கவளமாகத் தேவதாருக் கொப்பு ஒன்றை வைக்க வேண்டும். வின்சென்ஸ் கத்தியைத் தேடுகிறான். "உங்க அண்ணன்னா பல்லாலயே கடிச்சு ஒடிச்சிருப்பாரு," என்று சிரிக்கிறாள். கொப்போடு போனவன் குனிந்தபடியே நின்றுவிடுகிறான். கோழியைச் சுற்றிப் பனியில் அவன் தடத்தைத் தவிர வேறு தடமில்லை. பறவையின் அலகில் ஏற்கெனவே ஒரு கொப்பு இருக்கிறது. கடித்து ஒடித்த அதன் முனையில் பிசின் இன்னும் கசிகிறது. "வெச்சாச்சா, கொழுந்தனாரே?"