மகன் குரலில் வரும் அழைப்பு

பல்கலைக்கழகக் கணினி உதவி மையத்தில் இருந்த மேகலாவை, விடுதி மாணவன் சேவியரின் தாய் ஆரோக்கியம் தொலைபேசியில் அழைத்தார்.

“எம் மகன் மாதிரியே ஒண்ணு பேசுதும்மா. ‘சாப்பிட்டியா, முட்டுவலி எப்படியிருக்கு’ன்னு தெனமும் கேக்குது. அவன் ஒருநாளும் இப்படிக் கேட்டவனில்ல.”

படிப்பு கெடாமலிருக்க, மாணவர்களுக்குப் பதிலாக அவர்கள் குரலிலேயே வீட்டுக்குப் பேசும் கணினிச் செயலி அது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்றே சேவியர் அதைப் போட்டுவிட்டிருந்தான். அதன்பின் அணைக்கவே இல்லை.

“இப்பவே நிறுத்திடட்டுமாம்மா?” என்றாள் மேகலா.

“நிறுத்துனா அவன் பேசுவானா?”

“அத நான் சொல்ல முடியாதும்மா,” என்றாள் மேகலா.

“அப்ப வேண்டாம் தாயி,” என்றார் ஆரோக்கியம். “நான் வச்சிர்றேன். அது கூப்பிடுற நேரமாச்சு.”