வனைந்தவர் பெயர்

அட்டையில் தமிழிலும் எழுதி வைத்திருந்ததுதான் வினையாகப் போயிற்று. பிரெஞ்சில் மட்டும் இருந்திருந்தால் அமராவதி பேசாமல் தாண்டிப் போயிருப்பாள்.

'வனைந்தவர்: மிஷேல். வரைந்தவர்: சொலாஞ்ச்.'

கண்காட்சியில் வைத்திருந்த பன்னிரண்டு ஜாடிகளுக்கும் சேர்த்து அந்த ஒரே அட்டை.

இரண்டு தரம் படித்தாள். முகம் ஜிவ்வென்று சூடேறியது.

மிஷேல் கீழ்புத்துப்பட்டில் மண்பாண்டப் பட்டறை வைத்திருக்கும் பிரெஞ்சுக்காரர். அங்கே வேலைக்கு இரண்டே பேர்தான்: அமராவதியும் அவள் புருஷன் பச்சமுத்துவும். பச்சமுத்து பரம்பரையாகச் சக்கரம் சுற்றுகிறவன். அவள் மரக்காணத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள். போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் கடல் வந்து பாத்தியெல்லாம் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனபிறகு, அவனோடு பட்டறைக்கு வந்து மண் பிசைகிறாள்.

இந்த ஜாடிகள் சக்கரத்தில் எழும்பிய இரண்டு மாதமும் மிஷேல் பிரான்சில் இருந்தார். சுட்டு ஆறியதும் அவை வேனில் புதுச்சேரிக்குப் போயின. அங்கே தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, பிரெஞ்சு ஓவியர் மதாம் சொலாஞ்ச் அவற்றின் மேல் மரக்காணத்தை வரைந்தார். வெள்ளை உப்புக் குவியல்கள். கூடை சுமக்கும் பெண்கள். ஒருத்திக்கும் முகம் இல்லை.

"வுடுடி. சோறு போடறவரு. பேரு வந்து இன்னா பண்ணப்போவுது?" என்றான் பச்சமுத்து.

அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கண்காட்சிக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்களை விலக்கிக்கொண்டு நேரே மிஷேலிடம் போனாள்.

"இத நீங்க செஞ்சீங்களா? என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

மிஷேல் சிரித்தார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

"பட்டறை என்னுது, அமராவதி. அங்கேர்ந்து எது வந்தாலும் என் பேருதான்."

"கை உங்களுதா?"



சொலாஞ்ச் வந்து என்னவென்று விசாரித்தார். மிஷேல் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல சொலாஞ்சின் முகம் சிவந்தது. பிறகு அவர் பொரிந்து தள்ளினார். கூட்டத்திலிருந்த ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். மதாமின் ஊரில் வனைந்தவர் பெயரும் வரைந்தவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமாம். மூன்று மாதமாக மிஷேலின் ஜாடி என்று நம்பி வரைந்தாராம். ஒரு பொய்யோடு கூட்டுச் சேர்ந்தா நான் வேலை செய்தேன் என்று கேட்கிறாராம்.

சொலாஞ்ச் பேனாவை எடுத்து மிஷேல் என்ற பெயரை அடித்தார். அமராவதியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"யாரு?"

அமராவதி வாயைத் திறந்தாள்.

"பச்சமுத்துங்க, மதாம்."

சொன்னது பச்சமுத்துதான். அவன் எப்போது முன்னால் வந்து நின்றான் என்றே தெரியவில்லை.

சொலாஞ்ச் எழுதினார். எல்லோரும் கை தட்டினார்கள். பச்சமுத்து வலது கையை நீட்டி மதாமோடு குலுக்கினான்.

அந்த ஜாடிகள் எழும்பிய இரண்டு மாதமும் அந்தக் கை மாவுக்கட்டில் இருந்தது. ஈசிஆர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்ததில் முறிந்த கை. பார்த்துப் பார்த்தே பழகியிருந்த அமராவதி அவனுக்குப் பதிலாகச் சக்கரத்தில் உட்கார்ந்தபோது, எங்க வகையறாவில் பொம்பள சக்கரத்தைத் தொட்டதில்லை, யாருக்கும் தெரியக்கூடாது என்று சொல்லி, பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் உட்கார்ந்திருந்தான்.

"வாடி, போட்டோவுக்கு நில்லு."

அமராவதி மதாமின் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். பச்சமுத்து என்ற பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.